கப்டன் சந்தேகப்பட்ட கல்

கார்த்திகா தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அடுப்படியில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தால் என் கை இன்னும் தானாகவே அடுப்பை அணைத்துவிடுகிறது.

"யோகா மேடம், ஒரு அர்ஜென்ட் விஷயம்," என்றாள்.

கார்த்திகா நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. ஒஸ்லோவில் நான் வேலை செய்த கடல் வரைபட நிறுவனத்துக்கு, நான் விலகுவதற்கு மூன்று வருடம் முன்பு பொறியியலாளராக வந்தவள். மேடம் வேண்டாம், அக்கா என்று கூப்பிடு என்று பலதடவை சொல்லிப் பார்த்தேன். "ஆஃபீஸ்ல போய் எப்படி மேடம் அக்கான்னு கூப்பிடறது?" என்று கேட்டாள். அதோடு நான் விட்டுவிட்டேன்.

அவள் சொன்ன விஷயம் இதுதான். ஆங்கிலேயர் இலங்கையைப் பிடித்த புதிதில், அவர்களுடைய கடற்படைக் கப்டன் ஒருவர் பாய்க்கப்பலில் வந்து கிழக்குக் கரை முழுவதையும் அளந்து வரைந்தார். கரையோரத்தில் பல இடங்கள் அதற்குப் பிறகு ஒழுங்காக அளக்கப்படவேயில்லை. ஆகவே இன்றைய கணினி வரைபடங்களிலும் அங்கங்கே அவர் போட்ட ஆழங்களும் கற்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் பக்கத்தில் அவரே "இடம் சந்தேகம்" என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கமாகக் குறித்திருக்கிறார். எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் ஒரு கணினி நிரலைக் கொண்டுவந்திருக்கிறார். அது அந்தச் சந்தேகக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்து அளவுகளோடு ஒத்துவராதவற்றை அழித்துவிடுமாம். வியாழக்கிழமை கூட்டத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை எல்லாம் போய்விடும்.

"முன்னூறுக்கு மேல இருக்கு மேடம். யாரும் போய்ப் பார்க்கல. நீங்க வந்து அந்த உங்க பாறைக் கதையை ஒரு பத்து நிமிஷம் சொல்லணும். நீங்க கண்டுபிடிச்சீங்கல்ல, அதை."

"வாறன்," என்றேன். கத்தரிக்காய் அரைவேக்காட்டில் கிடந்தது. எனக்குப் பயம் பிடித்தது. கூட்டத்துக்கு அல்ல. அந்தக் கல்லை நான் கண்டுபிடித்தேன் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள், "யூகாவின் கல்" என்றே அதற்குப் பெயர். நோர்வேஜியர்களின் வாயில் யோகா யூகா ஆகிவிட்டது. உண்மையில் நடந்ததோ வேறு. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான். அதை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன்.

கப்டனின் பெயரை எழுதமாட்டேன். அவர் எங்கள் கரையில் எத்தனையோ முனைகளுக்கும் தீவுகளுக்கும் தன் நண்பர்களின் பெயரையும் மேலதிகாரிகளின் பெயரையும் வைத்துவிட்டுப் போனவர். கோயில்களுக்கெல்லாம் ஒரே பெயர், கோபுரத்துக்கு வெள்ளைக்காரர் சொல்லும் "பகோடா". முருகன் என்ன, அம்மன் என்ன, எல்லாம் பகோடா. ஆகவே என் கட்டுரையில் அவருக்கும் பெயர் கிடையாது. சின்னப் பழிவாங்கல்தான், ஆனால் எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை நீளமில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, நோர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலையில் இரண்டு வருடம் நின்றபடி மீன் வெட்டினேன். கை விறைக்கும்போது சுவரில் மாட்டியிருந்த கடல் வரைபடத்தைப் பார்ப்பேன். எண்கள் நிறைந்த அந்தத் தாள் எனக்குப் பிடித்துப்போனது. பிறகு துரொண்ட்ஹெய்மில் நில அளவையும் வரைபடமும் படித்தேன். மொழிக்காகவே ஒரு வருடம் தனியாகப் போனது. அதற்குப் பிறகு ஒஸ்லோவில் இந்த வேலை. வேறு நாடுகள் தங்கள் கரைகளை அளந்து அனுப்பும் தரவுகளைப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் புதியவற்றைச் செய்துகொடுப்பதுதான் எங்கள் பிரிவின் தொழில். இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன்.

என் பிரிவுத் தலைவி சிக்ரிட். எலும்பும் தோலுமான உயரமான மனிசி. கழுத்தில் எப்போதும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். கணினியில் எல்லாம் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "திரை எனக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது, கண்ணாடியில் நான் குனியவேண்டியிருக்கிறது," என்றார். அவர் எதையும் உட்கார்ந்து சரிபார்த்ததை நான் கண்டதில்லை. பெரிய மேசையில் தாளை விரித்து, கைச்சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, நின்றபடி, இடதுபக்க மேல்மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக வருவார். சந்தேகமான எண் கண்டால் மென்மையான பென்சிலால் அதைச் சுற்றிச் சின்ன வட்டம் போடுவார். பேனை அந்த மேசைக்குக் கிட்டவே வரக்கூடாது. சரியாகப் பதினொரு மணிக்குப் பென்சிலை வைத்துவிட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பழுப்புச் சீஸ் வைத்த பாண் துண்டுகளைச் சாப்பிடுவார். அந்த இருபது நிமிடத்தில் அலுவலகமே தீப்பிடித்தாலும் அவரைக் கேட்க முடியாது.

அவரைச் சிக்ரிட் என்று பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மூன்று மாதம் நா எழவில்லை. இங்கே பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் என் வாய்க்கு அது தெரியாதே. பெயர் சொல்லாமல் "ஹலோ, ஹலோ" என்று பின்னால் போய்க்கொண்டிருந்தேன். நாலாவது மாதம் அவர் திரும்பி, "என் பெயர் ஹலோ இல்லை," என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரிப்பது அபூர்வம்.

பிழை விட்டால் திட்டவும் மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். "உனக்கு அது எப்படித் தெரியும்?" அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும், "சரி, அதை எழுது," என்பார். எழுதத் தொடங்கும்போதுதான் நமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரியவரும். எத்தனை பேரை அந்தக் கேள்வி அழவைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானும் ஒருத்தி.

வரைபடத்தில் இருந்து ஒரு கல்லை அழிப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. கல்லைச் சேர்ப்பது சுலபம். யாராவது மோதினோம் என்றால் போதும், உடனே போட்டுவிடுவோம். அழிப்பதற்கு மட்டும், அந்த இடத்துக்குப் படகு அனுப்பி, புல்வெட்டும் இயந்திரம் போவதுபோல் மேலும் கீழும் நெருக்கமாக ஓடி, ஒலியால் அடித்தளம் முழுவதையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். பிறகு அழிப்புப் பத்திரம். அதில் வேலை செய்தவர் காரணத்தைத் தன் சொந்தக் கையெழுத்தில் எழுதி ஒப்பமிடவேண்டும். அடுத்துச் சரிபார்ப்பவர், கடைசியில் அனுமதிப்பவர். மூன்று ஒப்பம் விழுந்தால்தான் கல் போகும்.

போர் ஓய்ந்து சில வருடங்களில் கப்டனின் கரை எங்கள் மேசைக்கு வந்தது. திருகோணமலைக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் பெரிய இறங்குதுறை கட்டப்போகிறார்கள், அதற்குப் படகுகளும் பயணிகள் கப்பலும் வரும் பாதையை வரைபடத்தில் குறிக்கவேண்டும். ஊரின் பெயரை எழுதினால் பக்கத்து ஊரார் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் அங்கிருக்கும் அம்மன் கோயில் தங்களுடையது என்று இரண்டு ஊரும் சொல்கிறது. எனக்கு அந்தக் கோயில் தெரியும். பத்து வயதில் அப்பா அம்மாவோடு திருவிழாவுக்குப் போய் மூன்று நாள் நின்றிருக்கிறேன். அந்த வேலை என்னிடம் வந்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. இருபது வருடம் மற்றவர்களின் கரைகளைத் திருத்தியவளுக்கு முதல்தடவையாகத் தன் மொழி பேசும் கரை.

புதிய பாதைக்குக் கிட்ட கப்டனின் சந்தேகக் கல் ஒன்று இருந்தது. அவருடைய குறிப்பேட்டின் நகலும் எங்களிடம் இருந்தது. அவர் எழுதியிருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் மீனவர் அவரைத் தங்கள் வள்ளத்தில் ஏற்றிப்போய், இங்கே தண்ணீருக்குக் கீழே கல் இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். அன்று கடல் அமைதி, அலை உடையவில்லை. அவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்திருக்கிறார், கல் தட்டுப்படவில்லை. என்றாலும் அந்த இடத்தில் நின்றபடி பகோடா எந்தத் திசையில் தெரிகிறது, தெற்கு முனை எந்தத் திசையில் தெரிகிறது என்று இரண்டையும் அளந்து எழுதி, சந்தேகம் என்று குறித்துவிட்டார்.

அந்தக் கல்லை இன்றைய வரைபடத்தில் வைப்பது இப்படித்தான். கோயிலில் இருந்து ஒரு கோடு, முனையில் இருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் கல். அவர் வரைந்த தாளை அப்படியே எடுக்க முடியாது, அந்தக் காலத்துத் தாள் முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளி நிற்கும். ஆகவே அவர் குறித்த அடையாளங்கள் பன்னிரண்டை எடுத்து, இன்று அவை இருக்கும் இடத்தோடு பொருத்தினேன். பதினொன்று நூறு மீற்றருக்குள் வந்து உட்கார்ந்தன. கோயில் மட்டும் ஒன்றரைக் கிலோமீற்றர் வடக்கே தள்ளி நின்றது.

எனக்கு வந்த சிரிப்பை என்னவென்று சொல்ல. இத்தனை பெரிய மனுசன், இத்தனை முனைக்குப் பெயர் வைத்தவன், கண்ணுக்கு நேரே வெள்ளையாக நின்ற கோயிலைப் போடத் தெரியாமல் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். பகோடா என்ற சொல்லை வெட்டி, அம்மனின் முழுப்பெயரையும் எழுத்துப்பிசகாமல் எழுதி, கோயில் இன்று இருக்கும் இடத்தையே அவருடைய பகோடாவாகக் கணினிக்குக் கொடுத்தேன். கோடுகள் வெட்டின. அந்த இடத்தைச் சுற்றி ஐந்நூறு மீற்றருக்குப் படகு ஓடியது. அடியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அழிப்புப் பத்திரத்தை நிரப்பினேன். கல் இல்லை. கப்டன் கோயிலைப் பிழையான இடத்தில் வரைந்திருக்கிறார். கோயில் நகராது. இந்த இடம் எனக்குத் தெரியும். இவ்வளவும் எழுதி, கீழே ஒப்பமும் போட்டேன், வழமையைவிடப் பெரிதாக. வெள்ளி மதியத்துக்குள் மற்ற இரண்டு ஒப்பமும் விழுந்தால் திங்கட்கிழமை பாதையைக் கோடுபோட்டு அனுப்பிவிடலாம்.

சிக்ரிட் நின்றபடி வாசித்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். எடுத்தார்.

"இவர் பதினொரு இடத்தில் சரி, ஒரே ஒரு இடத்தில் பிழை. அந்தப் பிழை இவருடையது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்கள் கோயில் சிக்ரிட். நான் அங்கே போயிருக்கிறேன்."

"என் ஊரில் தேவாலயத்தைப் பலகை பலகையாகக் கழற்றி அடுத்த குடாவுக்குக் கொண்டுபோனார்கள். கோயில் நகராது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மரத்தில் செய்த உங்கள் தேவாலயமும் எங்கள் கோயிலும் ஒன்றா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "நாளை காலை சாட்சியோடு வருகிறேன்," என்று சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம், அந்தக் கோயில் ஆதியில் இருந்தே அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல அந்த ஊர் ஆள் ஒருவர். அப்படி ஒருவர் ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் இருந்தார்.

தவராசா அண்ணை ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர், அப்போதுதான் முழங்கால் வலியால் வேலையை விட்டிருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து, இருபத்திரண்டு வயதுவரை தகப்பனோடு கடலுக்குப் போனவர். ஆறாம் மாடியில் வீடு. நான் போய்ச் சேர மாலை ஐந்து மணி இருக்கும். அவர் மனைவி மலர் அக்கா தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தா. நான் சப்பாத்துக் கழற்றிய கையோடு விஷயத்தைக் கொட்டினேன்.

"அண்ணை, உங்கடை அம்மன் கோயில் எத்தினை வருசமா உந்த இடத்திலை இருக்குது?"

"எந்தக் கோயில்? புதுக்கோயிலோ?"

என் கையில் இருந்த வடை அப்படியே நின்றது.

"புதுக்கோயிலெண்டா?"

"இப்ப இருக்கிறது எங்கடை அப்பப்பா ஆக்கள் கட்டினது பிள்ளை. ஆதிக்கோயில் வடக்கை எல்லோ இருந்தது. சூறாவளிக்குக் கடல் உள்ளுக்கு வந்து எல்லாத்தையும் எடுத்துப்போட்டுது. அம்மனை மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தவை. அந்த இடத்துக்கு இப்பவும் பழைய கோயிலடி எண்டுதான் பேர்."

"ஆதியிலை இருந்தே அங்கைதான் இருக்குது எண்டெல்லோ எல்லாரும் சொல்லீனம்."

"அம்மன் ஆதியிலை இருந்தே இருக்கிறா. கட்டிடத்தை ஆர் கேட்டது?" என்றார். பிறகு என்னை ஒருமாதிரிப் பார்த்து, "நீங்கள் திருவிழாவுக்கு வந்தனீங்கள் எண்டு சொன்னீங்கள். தீர்த்தத்துக்கு நடக்கேல்லையோ?" என்று கேட்டார்.

நடந்தேன். அந்தக் கேள்வியோடுதான் எல்லாம் என் காலில் இருந்து மேலே வந்தது. தீர்த்தத் திருவிழா அன்று அம்மனைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். கோயில் வாசலில் இருந்து கடல் ஐம்பது அடி. ஆனால் அங்கே இறக்கமாட்டார்கள். கரையோரமாக வடக்கே, கொதிக்கும் மணலில், மேளமும் நாதஸ்வரமும் முன்னே போக, ஒன்றரைக் கிலோமீற்றர் தோளில் சுமந்துபோய், ஒன்றுமே இல்லாத ஒரு வெறும் கரையில்தான் தீர்த்தமாடுவார்கள். எனக்கு உள்ளங்கால் பொக்களித்துவிட்டது. கடல் இங்கேயே இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் என்று நான் அழ, பேசாமல் நட என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தா. அது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. வரைபடம் பார்க்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணை, ஏன் அங்கை கொண்டுபோறவை?"

"அம்மன் வருசத்துக்கு ஒருக்காத் தன்ரை பழைய வீட்டைப் பாக்கப் போறா. அவ்வளவுதான்."

நான் பையில் இருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தேன். மலர் அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளைத் தள்ளி இடம் விட்டா. தவராசா அண்ணை கண்ணாடியைப் போட்டு, கரையை விரலால் தடவிக்கொண்டு வந்து, "இந்த வளைவுக்குக் கொஞ்சம் இஞ்சாலை," என்று குத்தினார். அவர் குத்திய இடமும் கப்டன் பகோடா போட்ட இடமும் ஒன்று.  அவர்களின் மகளுடைய பழைய அடிமட்டத்தை வாங்கி, அங்கிருந்து ஒரு கோடு, முனையில் இருந்து ஒரு கோடு போட்டேன். வெட்டிய இடம் நாங்கள் தேடிய இடத்துக்கு வெகு வடக்கே, படகு போகாத தண்ணீரில் இருந்தது. நான் திங்கட்கிழமை போடவிருந்த பாதை அதற்கு மேலாலேயே போனது.

தவராசா அண்ணை அதைக் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது அந்தக் கல். அப்பான்ரை வள்ளம் உதிலைதான் பிளந்தது. கடல் அடிக்கிற நாளிலை தெரியும், அமைதியான நாளிலை ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் சின்னனிலை இருந்தே விலத்திப் போறனாங்கள்." பிறகு தலையை நிமிர்த்தினார். "உந்த வெள்ளைக்காரனுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"உங்கடை ஆக்களிட்டைக் கேட்டவன் அண்ணை. வள்ளத்திலை ஏறிப்போய்க் கேட்டு எழுதினவன்."

"அப்ப நீங்கள் ஏன் எங்களைக் கேக்கேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை, அறிய வேண்டும் என்றுதான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தியமாக அந்த இடத்திலேயே மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. அந்தக் கப்டனுக்குக் கோயிலின் பெயர் தெரியாது, சாமியின் பெயர் தெரியாது, மொழி தெரியாது. ஆனாலும் கேட்டான். நான் எல்லாம் தெரிந்தவள், தமிழிலேயே கேட்டிருக்கலாம், ரயிலில் அரைமணி நேரம்.

வெள்ளிக்கிழமை காலை சிக்ரிட் வருவதற்கு முன்பே அவர் மேசையடியில் நின்றேன். ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன். கோயில் நகர்ந்ததை, தீர்த்தத்தை, பொக்களித்த காலை, தவராசா அண்ணையை. அளவைப் படகு ஞாயிறுவரைதான் அந்தக் கரையில் நிற்கும், இன்றே சொல்லவேண்டும் என்றும் சொன்னேன்.

"பழைய கோயில் அங்கே இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊர் ஆள் சொன்னார். நானும் அங்கே நடந்திருக்கிறேன்."

"எத்தனை வயதில்?"

"பத்து."

"சரி. பத்து வயது என்பதையும் எழுது," என்றார். தொலைபேசியை எடுத்துப் படகுக்காரரோடு பேசினார். பேசி முடித்ததும் நான் ஒப்பமிட்ட அழிப்புப் பத்திரத்தை எடுத்து, நாலாக மடித்து, தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அது கோப்பில் போகவேண்டிய பத்திரம். சிக்ரிட் விதியை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 

சனியும் ஞாயிறும் நான் சாப்பிட்டேனா என்று தெரியாது. கல் இல்லாவிட்டால் என் தலை உருளும், படகின் மூன்று நாள் வீண். கல் இருந்தாலும் என் பிழை பிழைதான். இருக்கவேண்டும் என்றே வேண்டினேன். என்னை இளக்காரமாகச் சிரிக்கவைத்த அந்தக் கப்டன் சரியாக இருக்கவேண்டும் என்று ஒஸ்லோவில் ஒரு தமிழ்ச்சி அம்மனுக்கு நேர்ந்துகொண்டது அதுவே முதலும் கடைசியுமாக இருக்கும்.

திங்கட்கிழமை பதினொன்று ஐந்துக்குச் செய்தி வந்தது. சிக்ரிட் பாணைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன். மணல், மணல், மணல், பிறகு ஒரு கூரான நிழல். மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீற்றர் தொண்ணூறு. நான் போட்ட கோடுகள் வெட்டிய இடத்தில் இருந்து நாற்பது மீற்றர்கூட இல்லை. திசை அளக்கும் ஒரு வட்டக் கருவியையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு, கண்ணால் காணாத ஒரு கல்லை, ஊரார் சொல்லை மட்டும் நம்பி அந்த மனுசன் அவ்வளவு கிட்டக் குத்தியிருக்கிறான். நான் தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அடுத்த பிரிவில் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றினார், எனக்கு ஐம்பதைத் தாண்டிய வயது அப்போது.

சிக்ரிட் எழுந்து வந்தார். பதினொன்று இருபதுக்கு முன் அவர் எழுந்ததை அன்றுதான் எல்லோரும் கண்டோம். தாளைக் குனிந்து பார்த்தார், கல்லைச் சுற்றியிருந்த பென்சில் வட்டத்தைக் காட்டி, அழிப்பானை என் கையில் தந்தார். நான் வட்டத்தை அழித்தேன். பிறகு திரையில் கப்டனின் "இடம் சந்தேகம்" என்ற இரண்டு எழுத்தையும் எடுத்தேன். கல்லுக்குப் பக்கத்தில் ஊரார் அதைக் கூப்பிடும் பெயரைப் போட்டேன், தவராசா அண்ணையிடம் கேட்டுத்தான். பாதையைக் கிழக்கே தள்ளி வரைந்தோம்.

கதை அன்றே வெளியில் போய்விட்டது. யூகா தன் ஊர் அறிவால் கல்லைக் கண்டுபிடித்தாள் என்று விருந்துகளில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க வாய்ப்பு வராமலில்லை, ஆனால் புகழ் இனிப்பாக இருந்தது. சிக்ரிட் ஓய்வுபெற்ற நாளில் விடைபெற வந்தவர் என் கையில் ஒரு கடித உறையை வைத்துவிட்டு, "இது உன்னுடையது," என்று மட்டும் சொல்லிப் போனார். உள்ளே நாலாக மடித்த அந்தப் பத்திரம். அதை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன்.

போன வியாழக்கிழமை அந்த உறையோடுதான் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் பார்வையாளர் அட்டை தந்தார்கள், இருபத்தாறு வருடம் போய்வந்த வாசலில். மேசையைச் சுற்றி ஏழு பேர். புதிய மேலாளர் மரியாதையான பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும். தன் நிரல் எப்படி அழிக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பிறகு, "யூகா தன் புகழ்பெற்ற கல்லைப் பற்றிச் சொல்வார்," என்று சிரித்தபடி என்னிடம் தந்தார்.

 பத்திரத்தை விரித்து அவர் முன்னே வைத்தேன். அவர் உரக்க வாசித்தார்.

"கல் இல்லை. கப்டன் கோயிலைப் பிழையான இடத்தில் வரைந்திருக்கிறார். கோயில் நகராது. இந்த இடம் எனக்குத் தெரியும்." ஒப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது யாருடையது?"

"என்னுடையது. அந்தக் கல்லை நான் கண்டுபிடிக்கவில்லை, அழித்தேன். சிக்ரிட் ஒரு கேள்வி கேட்டிருக்காவிட்டால் அது இன்று வரைபடத்தில் இல்லை. பாதை அதன் மேலால் போயிருக்கும்."

 பல வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது, உண்மையிலேயே இலேசாக இருந்தது. கார்த்திகா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு தன் கணினியைத் திருப்பினாள். அந்தக் கல்லின் பழைய தரவுகளை, இன்றைய கோயிலையே பகோடாவாக வைத்து, முதல்நாளே நிரலுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். திரையில் ஒரே சொல் இருந்தது. அழி.

 மேலாளர் பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார். "முன்னூறு கல்," என்றார் கடைசியில். "எல்லாவற்றுக்கும் படகு அனுப்ப முடியாது. யாரிடம் கேட்பது? எங்கே தொடங்குவது?"

"ஹவுகன்ஸ்டுவாவில்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. கார்த்திகாவுக்கு விளங்கிவிட்டது. என் கைத்தொலைபேசியை மேசை நடுவுக்குத் தள்ளி, "அக்கா, போடுங்க, இப்பவே போடுங்க," என்றாள்.

நான் இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன். இரண்டு தடவை மணி அடித்தது. தவராசா அண்ணை எடுத்தார். ஆபீசில் இருந்து கதைக்கிறேன், அந்தக் கப்டனின் மற்றக் கற்களைப் பற்றி உங்களிடம் கேட்கவேண்டுமாம் என்று சொன்னேன்.

மறுமுனையில் கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. "மலர், என்ரை கண்ணாடியை எடு," என்றார். பிறகு குரல் கிட்ட வந்தது.

"ஓம், சொல்லுங்கோ. எந்தக் கல்?"